சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

அன்புள்ள கதிர்,

நேற்று போனில் நீ பொரிந்து தள்ளியபோது அப்பா பக்கத்தில் இருந்தார். அரசியல் பேச்சு காதில் விழுந்தாலே அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும் என்பதால்தான் சுருக்கமாக முடித்துக்கொண்டேன். உங்கள் சிறு குழு பெரிய கட்சியோடு சேரப்போகிறது, எல்லோரும் விலைபோய்விட்டார்கள் என்கிறாய். அவசரப்படாதே. நீ குடியிருக்கும் லைப்சிக்கிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு.

1980 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் தொடங்கிய பசுமைக் கட்சி, அணு உலை எதிர்ப்பாளர்கள், அமைதி இயக்கத்தார், பெண்ணியவாதிகள், இடதுசாரிகள் என்று ஒருவரோடு ஒருவர் ஒட்டாதவர்களின் கூடாரம். மூன்றே ஆண்டில் 5.6 சதவீத வாக்கு வாங்கி, பூந்தொட்டியும் பட்டுப்போன மரக்கிளையுமாக அன்றைய தலைநகர் பானில் இருந்த நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அவையில் உட்கார்ந்து கம்பளி பின்னினார்கள். உறுப்பினர்கள் இரண்டு ஆண்டில் பதவியை அடுத்தவருக்கு விட்டுத்தர வேண்டும் என்று ஒரு விதி வேறு. வேலை பிடிபடும் நேரத்தில் ஆளை எழுப்பி அனுப்புவது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெட்ரா கெல்லியும் மாட்டேன் என்றுதான் சொன்னார்.

கிழக்கு ஜெர்மனியில் கதை வேறு. 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து உங்கள் ஊர்த் தெருக்களில் திங்கட்கிழமைதோறும் ஊர்வலம் போன காலத்தில் முளைத்த குடிமக்கள் குழுக்கள் சில கூடி ‘பூண்ட்னிஸ் 90’ (கூட்டணி 90) ஆயின. இரு ஜெர்மனியும் இணைந்தபின் நடந்த 1990 டிசம்பர் 2 தேர்தலுக்கு, கிழக்கு, மேற்கு இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் இடம் பெறத் தேவையான ஐந்து சதவீத வாக்கு வரம்பைத் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. மேற்குப் பசுமைக் கட்சியினரோ, பிரதமர் ஹெல்முட் கோல் கிழக்கை விழுங்கியதுபோல நாமும் விழுங்கக் கூடாது என்று, கிழக்குப் பசுமைக் கட்சியோடு இணைவதைத் தேர்தலுக்கு மறுநாள் வைத்துக்கொண்டார்கள். ‘எல்லோரும் ஜெர்மனியைப் பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசுகிறோம்’ என்று போஸ்டர் ஒட்டினார்கள். இன்று படித்தால் தீர்க்கதரிசனம். அன்று நாடே ஒன்றாகிக்கொண்டிருந்த நேரம், யார் காதில் ஏறும்? மேற்கில் 4.8 சதவீதம். ஒருவர்கூட உள்ளே போகவில்லை. கிழக்கில் பூண்ட்னிஸ் 90-உம் பசுமைக் கட்சியும் கூட்டாக நின்று எட்டு இடம் பிடித்தன. ஒரு பக்கம் வரம்பைத் தாண்டினாலே போதும் என்பதால், முன்பே ஒரே கட்சியாகியிருந்தால் கிழக்கின் வாக்கே மேற்கையும் கரையேற்றியிருக்கும். கௌரவம் பார்த்ததற்கு நான்கு ஆண்டு வெளியே நின்றார்கள்.

பூண்ட்னிஸ் 90-உடனான இணைப்பு 1993 மே மாதம், லைப்சிக் மாநாட்டில் நடந்தது. மேற்கில் முப்பதாயிரத்துக்கும் மேல் உறுப்பினர்கள், கிழக்கில் சில ஆயிரம் பேர்தான். ஆனாலும் கட்சிப் பெயரில் பூண்ட்னிஸ் 90 முன்னால் நிற்கிறது. பேரம் பேசி வாங்கியது அது. 1994-இல் 7.3 சதவீதம், 1998-இல் ஆட்சியில் பங்கு.

நீ பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அதே 1994-இல் உங்கள் மாநிலமான சாக்சனியில் இணைந்த கட்சி தோற்று, சட்டமன்றத்திலிருந்து வெளியேறியது. பத்து ஆண்டுக்குக் கிழக்கின் குரல் கட்சிக்குள் மெலிந்துபோனது. கிழக்கிலிருந்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர் வேரா லெங்ஸ்ஃபெல்ட் கோலின் கட்சிக்கே போய்விட்டார். இணையவே மாட்டோம் என்று பிராண்டன்பர்க் மாநிலத்தில் தனிக் கட்சி கண்டவர்களோடு நின்ற பிளாட்செக்கும், அக்கட்சி தேர்தலில் தோற்றபின், சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து, பிறகு அம்மாநில முதல்வரானார். அதை மட்டும் உன் நண்பர்களிடம் சொல்லாதே, ஆசை வந்துவிடும்!

ஆகவே சனிக்கிழமைக் கூட்டத்தில் விலைபோனவர் யார் என்று கத்திக்கொண்டிராமல், பெயர் என்ன ஆகும், வேட்பாளர் பட்டியலில் உங்களுக்கு எத்தனை இடம், உங்கள் முடிவைத் தலைமை தள்ளிவிட முடியுமா என்று கேள். எழுத்தில் தரச் சொல். பதில் சரியில்லை என்றால் எதிர்த்து வாக்களி, நானும் உன் பக்கம்தான்.

அன்புடன்,
அம்மா