கடை வாசலில் நிற்கும் என் ஸ்கூட்டர்

சென்னை - 17

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆடித் தள்ளுபடி நேரத்தில் எனக்கு மூச்சு விட நேரமிருக்காது என்று தெரிந்தும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். ஓய்வு பெற்றாலும் வாத்தியார் புத்தி போகாது போலிருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் அது இஷ்டத்துக்கு இருக்கிறது. மகளும் பேரனும் தை மாதம் வருவதாகச் சொல்கிறார்கள். டிக்கெட் போட்டால்தான் நம்புவேன். நம் விடுதி பாஸ்கரன் வீட்டுக் காதுகுத்துக்கு மடிப்பாக்கம் போயிருந்தேன். எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "வண்டி நிறுத்தக் காசு வாங்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்று புலம்புகிறாயே, உன் கடை வாசலில் நிற்கிற வண்டிகள் யாருடையவை என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தாயா?" என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தி. நகரில் முப்பது வருடமாக மேட்சிங் சென்டர் நடத்துகிறவனுக்கு கோவை ஆர்.எஸ். புரத்தில் உட்கார்ந்துகொண்டு இவன் பாடம் எடுக்கிறானே என்று. ஆனாலும் உன் கேள்வி முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்ததால், ஒரு செவ்வாய்க்கிழமை கல்லாவில் உட்கார்ந்தபடியே பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எண்ணினேன்.

காலை பதினொரு மணி. என் கடையிலிருந்து கரண்ட் பெட்டி வரைக்கும் பதினாலு டூ வீலர், ஒரு கார். மாலை ஆறு மணிக்கு மறுபடி பார்த்தேன். பதினாலில் ஒன்பது வண்டி அசையவே இல்லை. முதலாவது என் ஸ்கூட்டர். இரண்டாவது நம் கடைப் பையனுடையது. மற்றவை எதிர்ப் பாத்திரக்கடை, பக்கத்துச் செருப்புக்கடை, மாடியில் ஃபால்ஸ் அடிக்கிற தையல்காரர் என்று எல்லாம் எங்கள் ஆட்களுடையவைதான். அந்தக் கார் வளையல்கடை முதலாளியுடையது. பத்து மணிக்கு வந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் கிளம்பும். அதன் மேல் பூனை படுத்துத் தூங்குகிறது.

இதில் என் நஷ்டம் என்னவென்று கேள். என் கடைக்கு வருகிறவர்கள் மூன்று மணி நேரம் புடவை புரட்டுகிறவர்கள் இல்லை. புடவையிலிருந்து வெட்டிய துண்டுத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். கலர் பார்த்து பிளவுஸ் பிட், லைனிங், ஃபால்ஸ் எடுக்கப் பதினைந்து நிமிடம் போதும். அதற்குள் வீட்டுக்காரர் நிறுத்த இடமில்லாமல் பைக்கில் சந்துக்குள் நாலு சுற்று சுற்றிவிட்டு "முடிஞ்சுதா, இல்லையா?" என்று போன் அடிப்பார். அந்த அம்மா லேஸ் டப்பாவைத் திறக்கச் சொன்னவர், "அப்புறம் வரேன்" என்று கிளம்பிவிடுவார். எனக்கு லாபமே லேஸில்தான் என்று உனக்குத் தெரியும்.

நீ எழுதியிருந்த அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரக் கதையை அதற்குப் பிறகு மறுபடி படித்தேன். 1935 ஜூலையில் உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டரை அங்கே வைத்தார்கள், மணிக்கு 5 சென்ட். அதை வைக்கத் தூண்டியதே வியாபாரிகளின் புகார்தான் என்றதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைத்தெருவில் வேலை பார்க்கிறவர்கள் காலையில் கார்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டுச் சாயங்காலம்தான் எடுக்கிறார்கள், வாடிக்கையாளருக்கு இடமே இல்லை என்றுதான் அவர்கள் முறையிட்டிருக்கிறார்கள். வணிகர் சங்கத்தின் போக்குவரத்துக் குழுவிலிருந்த கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரர்தான் மீட்டர் யோசனையைக் கொண்டுவந்தவர். அங்கே வியாபாரிகளுக்காக வந்த சமாச்சாரத்தை இங்கே நாங்கள் கடையடைப்பு நடத்தி எதிர்ப்போம் என்கிறோம்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். எனக்கு ஞானம் வந்துவிட்டதல்லவா, மறுநாள் ஸ்கூட்டரைக் கொண்டுபோய்த் தணிகாசலம் ரோட்டிலிருக்கிற அடுக்குமாடி பார்க்கிங்கில் போட்டுவிட்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே நடந்து வந்தேன். கடை வாசலில் ஒரு வண்டி நிற்கும் இடம் பளிச்சென்று காலியாக இருந்தது. பார்க்கவே ஆசையாக இருந்தது. ஷட்டரைத் தூக்கி, ஊதுபத்தி ஏற்றிவிட்டுத் திரும்பினால் செருப்புக்கடைக்காரர் மகனின் புல்லட் அங்கே நிற்கிறது. "அங்கிள், இன்னிக்கு உங்க வண்டி இல்லையே, அதான்" என்றான். இரவு ஒன்பதரைக்குத்தான் எடுத்தான். வியாழக்கிழமையிலிருந்து என் ஸ்கூட்டர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. நான் ஒருத்தன் நல்லவனாக இருந்தால் என் இடம் அடுத்தவனுக்குப் போகிறதே தவிர, வாடிக்கையாளருக்குப் போவதில்லை. இத்தனை நாள், காசு வைத்தால்தான் இடம் காலியாகும் என்கிற உன் விலைக் கணக்கெல்லாம் வகுப்பறைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த புல்லட்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 135 சதுர அடி வேண்டும். என் கடை மொத்தமே 150 சதுர அடி, வாடகை மாதம் 42,000. மாநகராட்சி ஸ்மார்ட் பார்க்கிங் கொண்டுவந்தபோது காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூ வீலருக்கு 5 ரூபாய் என்று வைத்தார்களே, அதன்படி பார்த்தால் வளையல்கடைக் கார் பதினொரு மணி நேரத்துக்கு 220 ரூபாய். ஞாயிறு சேர்த்தாலும் மாதம் 6,600. என் கடையளவு இடத்துக்கு என் வாடகையில் ஆறில் ஒரு பங்குதான்! எங்கள் சந்தில் அதுவும் கிடையாது, முழுக்க இலவசம். அப்படியிருக்க எவன் அடுக்குமாடிக்குப் போவான்? நான் போன அன்று மேல்தளங்களில் புறா நடமாட்டம்தான் அதிகம். கீழே தெருவில் வண்டிகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. உங்கள் டி.பி. ரோடு அடுக்குமாடி பார்க்கிங்கில் நிலவரம் எப்படி என்று எழுது.

சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேனே, அப்போது பார்த்ததற்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. கடைத்தெருவுக்குப் போனால் மாப்பிள்ளை வாசலிலேயே நிறுத்த மாட்டார். இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடக்கவைப்பார். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே தெருவுக்குத் தெரு, வேளைக்கு வேளை விலை வேறாம். 2011-இல் சில பகுதிகளில் சோதனையாக ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தச் சோதனையில் ஒரு தெரு 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பியே இருந்தால் மணிக்கு 25 சென்ட் ஏற்றினார்கள். 60-க்குக் கீழே போனால் 25 சென்ட் குறைத்தார்கள், 30-க்கும் கீழே என்றால் 50 சென்ட். சில வாரங்களுக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். கோயம்பேட்டில் தக்காளி வரத்தைப் பார்த்து விலை மாறுவது மாதிரிதான். வேடிக்கை என்னவென்றால், இரண்டு வருடம் போனபின் பார்த்தால் மீட்டரின் சராசரி விலை 2.69 டாலரிலிருந்து 2.58 ஆக இறங்கியிருந்தது. கூட்டமான தெருவில் ஏறி, காற்று வாங்குகிற தெருவில் இறங்கி, மொத்தத்தில் குறைந்துவிட்டது.

இதற்கெல்லாம் மூலவர் 2025 பிப்ரவரியில் காலமான அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் என்று எழுதியிருந்தாய். எந்நேரமும் ஏழெட்டு இடத்துக்கு ஓர் இடம் காலியாக இருக்கும்படி விலை வைத்தால் அதுதான் சரியான விலை என்ற அவர் கணக்கு, என்னைப் போன்ற கல்லாப்பெட்டி ஆளுக்கும் புரிகிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடைத்தெருவில் இடம் தேடிச் சுற்றுகிறவர்கள் சராசரியாக 3.3 நிமிடம் சுற்றுகிறார்கள் என்று அளந்தாராமே, எங்கள் சந்தில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வந்து அளந்திருந்தால் கடிகாரத்தைக் கழற்றி எறிந்திருப்பார்.

இனி என் சந்தேகங்கள். காசுள்ளவன் நிறுத்துவான், இல்லாதவன் என்ன செய்வான் என்று சங்கக் கூட்டத்தில் கேட்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் காசில்லாதவன் காரிலா வருகிறான்? மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிற கூட்டத்தைப் பார். அவர்கள் நடக்க வேண்டிய தெருவில்தான் எங்கள் வண்டிகள் ஓசியில் நிற்கின்றன. அதனால் அந்த வாதத்தை நான் விட்டுவிட்டேன். விட முடியாதது வேறு. வாங்குகிற காசு எங்கே போகிறது? போன மாதம் வேறொரு தெருவில் சீருடையும் இல்லாமல் ரசீதும் இல்லாமல் ஒருவன் ஐம்பது ரூபாய் கேட்டான். ரசீது கேட்டதற்கு, "பெரியவரே, வண்டி பத்திரமா இருக்கணுமா வேணாமா?" என்றான். கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ சொன்ன, கலிஃபோர்னியாவிலிருக்கிற பாசடீனா ஊர் ஏற்பாடு இங்கே வந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். அங்கேயும் வியாபாரிகள் மீட்டரை எதிர்த்திருக்கிறார்கள். இந்தத் தெருவில் வசூலாகும் பணம் இந்தப் பகுதிக்குத்தான், நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும்தான் என்று உறுதி கொடுத்தபின் 1993-இல் சம்மதித்தார்கள். சிகாகோ மாதிரி 2008-இல் 36,000 மீட்டர்களை 75 வருடத்துக்குத் தனியாருக்குக் குத்தகை விட்டுவிட்டு, வந்த பணத்தைப் பற்றாக்குறைக்குச் செலவழித்தால் கடைக்காரனுக்கு என்ன மிச்சம்? எங்கள் சந்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. வாடிக்கையாளர்கள் என்னிடம் வந்து கூச்சத்தோடு கேட்பார்கள், நான் எதிர் ஹோட்டலைக் காட்டுவேன். பார்க்கிங் காசில் அதைக் கட்டித் தருகிறோம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், செருப்புக்கடைக்காரரைச் சம்மதிக்கவைப்பது என் பொறுப்பு. அவர் மனைவியும் கல்லாவில் உட்காருகிறவர்தான்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பில் புத்தகப் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். வளையல்கடைக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார் என்று இப்போதே கமலா பயமுறுத்துகிறாள்.

உன் மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஆவணியில் வருவதாக எழுதியிருந்தாயே, தயவுசெய்து காரை எடுத்துக்கொண்டு வராதே. ரயிலில் வா. மாம்பலம் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். பிளவுஸ் துணி வெளியில் வாங்காதே. முன்னமே எடுத்துவைத்த புடவைகள் இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொண்டு வரச் சொல். போனில் போட்டோ அனுப்பினால் மாந்துளிருக்கும் செங்கல் கலருக்கும் வித்தியாசம் தெரியாது.

உன்,
கணேசன்