அபினி வயலும் நம் ஊர்ப் பட்டாவும்

காவேரிப்பட்டணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. வெள்ளைக்காரன் ஆட்சி விட்டுப்போன தடத்தை இங்கிலீஷ் நாவல்களில் தேடுகிற உன் ஆய்வின் இரண்டாம் அத்தியாயத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தேன். போனில் பேசினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

கிரண் தேசாய் நாவலைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாய். கலிம்போங் மலையூரில் வசிக்கும் அந்த ரிட்டயர்டு ஜட்ஜ் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொள்வதும், சப்பாத்தியைக்கூடக் கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுவதும் மனசைச் சங்கடப்படுத்தியது. வெள்ளைக்காரன் போன பிறகும் தன் நிறத்தைக் கண்டே கூசுகிற மனுஷன். ஆனால் உன் அத்தியாயம் இந்தக் கூச்சத்தையும், இங்கிலீஷில் எழுதலாமா கூடாதா என்ற பழைய வழக்கையும் தாண்டிப் போகவில்லை. நிலத்தில் நடந்ததெல்லாம் எங்கே? கிராம நிர்வாக அலுவலராக இருந்தவனுக்கு அதுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

அமிதவ் கோஷ் 2008-ல் எழுதிய அபினி நாவலுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருக்கிறாய். வடக்கே காஜிப்பூர் பக்கம், தீதி என்கிற விவசாயக் குடும்பத்துப் பெண்ணின் குடிசைக் கூரையை ஞாபகப்படுத்திப் பார். முன்பெல்லாம் கோதுமை அறுத்ததும் அந்த வைக்கோல் தாளை வைத்துக் கூரையைச் சரிசெய்வார்கள். ஊரெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அபினிச் செடி போட்ட பிறகு வேய்வதற்குத் தாள் கிடைக்கவில்லை. முன்பணம் கொடுப்பவனும் கம்பெனி, விலை சொல்பவனும் கம்பெனி. எனக்கு அந்தக் கூரை ஒன்றே போதும், ஜட்ஜின் பவுடரைவிட அது அதிகம் சொல்கிறது.

நம் ஊரில் உட்கார்ந்து படித்ததால் இன்னும் உறைத்தது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து நம் பகுதியான பாரமகால் கம்பெனி கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை போட்டது இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில்தான். பிறகு மன்றோ கவர்னரானதும் அந்த ரயத்துவாரி முறை, அதாவது பட்டாதாரரிடமே அரசாங்கம் நேரடியாகத் தீர்வை வாங்கும் முறை, மதராஸ் மாகாணம் முழுக்கப் பரவியது. நான் வருஷா வருஷம் ஜமாபந்தி என்கிற கணக்குத் தணிக்கைக்குத் தூக்கிக்கொண்டு போன கணக்குகள் அந்த வழியில் வந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகும் பட்டாவில் பெயர் இருந்தவர்களிடமே நிலம் நின்றது. தலைமுறையாக உழுத கூலிக்காரர்கள் பெயர் பெரும்பாலும் பதிவேட்டில் ஏறவே இல்லை.

அப்புறம், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்ததை மீனா கந்தசாமி இங்கிலீஷ் நாவலாக எழுதியிருக்கிறாரே, அது ஏன் உன் ஆய்வில் இல்லை? வயல் கூலிகள் கூலி உயர்வு கேட்டுப் போராடியதில் வந்த கொடுமை அது. நடந்தது 1968-ல், வெள்ளைக்காரன் போய் 21 வருஷம் கழித்து.

இந்த வருஷமும் பெங்களூரா மாங்காயைப் பறித்த பிறகுதான் கூழ் ஆலைக்காரர்கள் விலை சொன்னார்கள். உன் மாமா லோடு வண்டியோடு ஆலை வாசலில் ராத்திரி முழுக்க நின்றார். இதுவும் அபினியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே கட்டாயப்படுத்திப் பயிர் செய்ய வைத்தார்கள், இங்கே மாமா தானே வைத்த தோப்பு. ஆனாலும் விளைவிக்கிறவனுக்கு விலையில் வாய் இல்லாமல் போனது எப்போதிலிருந்து என்று உன் ஆய்வு கேட்க வேண்டும்.

மன்றோ காலத்து ஆவணங்கள் ‘பாரமகால் ரெக்கார்ட்ஸ்’ என்று அச்சாகியிருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார். வருவாய்த்துறை வார்த்தை எதுவும் புரியாவிட்டால் போட்டோ எடுத்து அனுப்பு, நான் சொல்கிறேன். கைடு என்ன சொல்வாரோ என்று தயங்காமல் இந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுது.

லீவுக்கு வரும்போது கோஷ் எழுதிய அடுத்த இரண்டு பாகங்களையும் எடுத்து வா. முதல் பாகம் மொரீஷியஸ் போகும் கப்பலோடு நடுக்கடலில் நிற்கிறது. தீதி மொரீஷியஸ் போய் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா