பெரியவனைக் கார்லைலுக்குக் கூட்டிப் போ

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியவனுக்குப் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவார்களே, அது) டீமில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லும்போதே உன் குரல் இறங்கிவிட்டது. "மண்டையில அடிபட்டா என்னப்பா பண்றது?" என்றாய். முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தாலும் அந்த ஆட்டத்துக்கு நான் விசில் ஊதியவன் இல்லை. அடிபட்ட பிள்ளையை உடனே வெளியே உட்கார வைக்கிற கோச்சா என்று நீயும் மாப்பிள்ளையும் நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். உன் பயம் நியாயமானது. 1905-ல் மைதானத்தில் மாணவர்கள் உயிரிழந்து, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டி வந்தது. அடுத்த வருஷம்தான் பந்தை முன்னால் எறிந்து ஆடலாம் என்ற விதியே வந்தது.

ஆடட்டும் என்று முடிவானால், முதல் மேட்சுக்கு முன்னால் அவனைக் கார்லைலுக்குக் கூட்டிப் போ. ஹாரிஸ்பர்க்கிலிருந்து அரை மணி நேரம்தானே. நான் வந்திருந்தபோது மாப்பிள்ளை கூட்டிப் போனார். உனக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.

1879-ல் பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று அங்கே பள்ளி திறந்தார்கள். ஆயிரக்கணக்கான மைல் தூரத்திலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். வந்ததும் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். நம் வீட்டுப் பிள்ளையை அப்படி ஒருத்தன் ரயிலேற்றினால் என்று நினைத்தேன். அதற்குமேல் அந்த இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

அந்தப் பிள்ளைகள்தான் 1912-ல் நாட்டின் பெரிய கல்லூரிகளோடு மோதினார்கள். கார்லைல் கல்லூரிகூட இல்லை, தொழில் சொல்லிக் கொடுக்கிற விடுதிப் பள்ளி. கோச் பெயர் பாப் வார்னர். கேப்டன் ஜிம் தார்ப், சாக் அண்டு ஃபாக்ஸ் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டி சேர்ந்தது), டெகத்லான் (பத்து போட்டி சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வாங்கிவிட்டு வந்திருந்தார். 14 ஆட்டத்தில் 12 வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி.

நவம்பர் 9-ம் தேதி ஆட்டத்தைத்தான் நீ அவனுக்குச் சொல்ல வேண்டும். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் மைதானம். 'வூண்டட் நீ' என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லகோட்டா பூர்வகுடி மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு சுட்டுக் கொன்று 22 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ராணுவத்துக்கு அதிகாரியாகப் போகிற பையன்கள் ஒரு பக்கம், தோற்றுப்போன குடிகளின் பிள்ளைகள் இன்னொரு பக்கம். எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் ஐசனோவர், பின்னாளில் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்.

முதல் டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது, ராணுவக் கல்லூரி அணிக்கு. ஆட்டம் முடிந்தபோது கார்லைல் 27, ராணுவம் 6. தார்ப் ஓடி எடுத்த ஒரு டச் டவுனை நடுவர் செல்லாது என்றுவிட்டார். பாப்பா, அன்றைக்குக் கார்லைல் கணக்கில் ஏறிய நான்கு டச் டவுனில் ஒன்றுகூட அவருடையது இல்லை! மூன்று எடுத்தவர் அலெக்ஸ் அர்காசா. எதிரணியின் கண்ணெல்லாம் தார்ப் மேல். அந்த இடைவெளியில் மற்றவர்கள் புகுந்து ஓடினார்கள். பெரிய ஆட்டக்காரன் ஒருத்தன் களத்தில் நின்றாலே கூட நிற்பவனுக்கு வழி பிறக்கும். நான் கபடியில் கண்ணால் பார்த்தது இது. ராணுவ அணியின் கேப்டன் முரட்டு ஆட்டம் ஆடியதற்காக வெளியே அனுப்பப்பட்டார். பூர்வகுடி என்றால் காட்டுமிராண்டி என்று எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோற்றார்கள். சீசன் முடிந்த கையோடு, 1913 ஜனவரியில், தார்ப் முன்பு காசு வாங்கி பேஸ்பால் ஆடினார் என்ற செய்தி வந்து, அவர் பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் ஒருவர்தான் வென்றார் என்று முழுசாக ஒப்புக்கொள்ள 2022 ஆனது. அவர் கண்மூடி அறுபது வருஷத்துக்கும் மேலே. எனக்கு இதை எழுதும்போதே நெஞ்சு எரிகிறது.

1918-ல் பள்ளியை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே ராணுவப் போர்க் கல்லூரி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஆடிய மைதானமும் இருக்கிறது. ஆனால் முதலில் இடுகாட்டுக்குப் போங்கள். வரிசையாக வெள்ளைக் கற்கள். நோயில் போன பிள்ளைகள்தான் பெரும்பாலும். சில கற்களில் பெயருக்குப் பதில் 'அறியப்படாதவர்' என்று மட்டும் இருக்கும். 2017 முதல் ஒவ்வொரு பிள்ளையாகத் தோண்டியெடுத்துச் சொந்த மண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் சில இடம் காலியாக இருக்கலாம். ஏன் என்று பெரியவன் கேட்பான். சொல்லு, மறைக்காதே. அவனுக்குப் பதின்மூன்று வயசு, தாங்குவான்.

அப்புறம் மைதானத்துக்குக் கூட்டிப் போ. கோட்டோரமாகக் கொஞ்சம் ஓடட்டும்.

அம்மா பருப்புப்பொடியும் கருவேப்பிலைப் பொடியும் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அனுப்புகிறோம். போய்விட்டு வந்ததும் அவனையே எனக்குப் போன் பண்ணச் சொல். இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை. தப்பும் தவறுமாகத் தமிழில் சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா