தொலைபேசிப் பயனீட்டாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நான் வாசித்த அறிக்கை பதினொரு பக்கம். முடிப்பதற்குள் பின்வரிசையில் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள் என்று பொருளாளர் அப்புறம் சொன்னார். அதனால் வழக்கமான விவரங்களை இந்த முறை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது, டிசம்பரில் மட்டும் மழையால் கூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புகார் மனு எழுதிக் கொடுக்கும் வேலை தடையின்றி நடந்தது. வந்த மனுக்களில் பெரும்பாலானவை, கேட்காமலே தலையில் கட்டப்பட்ட காலர் டியூன் வகையறா. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நம் மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு காலமானார். இருபது வருஷம் எஸ்.டி.டி. பூத் நடத்தியவர். இரவு கட்டணம் குறையும் நேரத்துக்காக அவர் கடை வாசலில் வரிசை நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். மீட்டரில் சிவப்பு எண் ஓட ஓட, உள்ளே பேசுபவரின் குரலும் வேகமாகும். அந்த எஸ்.டி.டி. கட்டணம் ஏன் அவ்வளவு அதிகமாக இருந்தது என்று அவர் அடிக்கடி சொல்வார்: “வெளியூருக்குப் பேசறவன் கொடுக்கிற காசில்தாம்ப்பா கிராமத்து லைன் ஓடுது.” அப்போது அதை யாரும் காதில் வாங்கவில்லை. இந்த ஆண்டு நாங்கள் மேற்கொண்ட முக்கிய வேலையே அந்த ஒரு வாக்கியத்தைத் துரத்திக்கொண்டு போனதுதான்.

தொடங்கியது ஜூன் மாதக் கூட்டத்தில். உறுப்பினர் ஒருவர் தன் பில்லைத் தூக்கிக் காட்டி, “இதுல ஜி.எஸ்.டி. 18 சதவீதம்னு போட்டிருக்கு. மலைக்கிராமத்துக்கு போன் கொண்டுபோறதுக்குன்னு நம்மகிட்ட ஒரு காசு வாங்கறாங்களாமே, அது எந்த வரியில இருக்கு?” என்று கேட்டார். பில்லை நான்கு பேர் மாறி மாறிப் பார்த்தோம். எந்த வரியிலும் இல்லை. பில்லில் இல்லாத காசு எங்கே இருக்கிறது என்று தேடும் பொறுப்பு, வழக்கம்போல, செயலாளர் தலையில் விழுந்தது.

பூத்காரர் சொன்னது சரிதான். ஒரே அரசுத் துறை எல்லாவற்றையும் நடத்திய காலத்தில், எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. வருவாயில் வந்த உபரிதான் குறைந்த வாடகையையும் கிராமத்து எக்ஸ்சேஞ்சையும் தாங்கியது. கூடுதல் கட்டணம் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். தொண்ணூறுகளில் தனியார் வந்தார்கள். லாபம் வரும் நகரத்துக்கும் வெளியூர் அழைப்புக்கும் அவர்கள் போட்டி போட்டதும், அந்த உபரி கரைந்தது. அப்படியானால் லாபமில்லாத இடத்துக்கு யார் கம்பி இழுப்பது? 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை சொன்ன பதில்: எல்லா நிறுவனங்களும் வருவாயில் ஒரு பங்கைப் பொது உண்டியலில் போடட்டும், போகாத இடத்துக்குப் போகிறவருக்கு அதிலிருந்து மானியம் கொடுக்கலாம். அந்த உண்டியல்தான் 2002 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த யு.எஸ்.ஓ. நிதி, அதாவது எல்லோருக்கும் சேவை கொண்டுபோகும் கடமைக்கான நிதி. 2003இல் தந்திச் சட்டத்தைத் திருத்தி அதற்குச் சட்ட அந்தஸ்தும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் செலவாகாத பணம் காலாவதியாகாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே உண்டு. இந்த அம்சத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கு எவ்வளவு? சரிக்கட்டிய மொத்த வருவாயில், அதாவது ஏ.ஜி.ஆரில், 5 சதவீதம். நிறுவனம் அரசுக்குக் கட்டும் 8 சதவீத உரிமக் கட்டணத்துக்குள்ளேயே இதுவும் அடங்கும். நிறுவனம் கட்டுகிறது என்றாலும் அது நம்மிடம் வாங்கியதிலிருந்துதான் போகிறது. பொருளாளர் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். 299 ரூபாய் ரீசார்ஜில் ஜி.எஸ்.டி. 45 ரூபாய் 61 காசு. மிச்சம் 253 ரூபாய் 39 காசு. நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் சில்லறைக் கழிவுகளை விட்டுவிட்டால், அதில் 5 சதவீதம் ஏறக்குறைய 12 ரூபாய் 67 காசு. ஒவ்வொரு ரீசார்ஜுக்கும். அந்தப் பத்திரிகையைக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். கல்யாணம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

அமெரிக்காவில் இது ஒளிவுமறைவில்லாமல் நடக்கிறது. அங்கே பில்லிலேயே இதற்கான தொகை தனியாக அச்சாகிறது. விகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஃப்.சி.சி. என்ற அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அறிவிக்கிறது. ஆனால் அங்கே வேறு ஒரு சிக்கல். மாநிலம் விட்டு மாநிலமும், நாடு விட்டு நாடும் போகும் தொலைபேசிச் சேவையின் வருவாய்மீது மட்டுமே இந்தக் கட்டணம், இன்டர்நெட் வருவாய்மீது கிடையாது. போனில் பேசுவது குறையக் குறைய, அதே செலவுக்கு மிச்சமிருக்கும் கொஞ்சத்தை இன்னும் பிழிய வேண்டியிருக்கிறது. 2000இல் 6 சதவீதத்துக்குக் கீழே இருந்த விகிதம் 2025இல் 36 சதவீதத்தைத் தொட்டது. நாடாளுமன்றம் விதிக்காமல் ஓர் ஆணையம் விதிக்கும் இது செல்லுமா என்று வழக்கே நடந்து, 2025 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் செல்லும் என்றது. வழக்குப் போடுவதற்குக்கூட, காசு போவது முதலில் கண்ணில் பட வேண்டும். நம் ஊரில் அது படுவதே இல்லை.

சரி, இங்கே அந்தப் பணம் எங்கே போகிறது? முதலில் மத்திய அரசின் பொதுக் கஜானாவான இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பிறகு நாடாளுமன்றம் ஒதுக்கினால் யு.எஸ்.ஓ. நிதிக்கு வருகிறது. ஒதுக்கும் வரை அங்கேயே தங்கும். பல ஆண்டுகள் வசூலுக்கும் செலவுக்கும் நடுவே பல்லாயிரம் கோடி ரூபாய் இடைவெளி இருந்தது. நினைவில் வைக்கச் சொன்னேனே, காலாவதியாகாத பணம், அதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

செலவானதே இல்லை என்றும் சொல்ல முடியாது. கிராமப் பொதுத் தொலைபேசியில் தொடங்கினார்கள். பாரத் நிர்மாண் திட்டத்தில் மட்டும் 66,822 கிராமங்களுக்கு இலக்கு வைத்தார்கள். 2006இல் சட்டத்தைத் திருத்தி மொபைலுக்கும் பிராட்பேண்டுக்கும் வழி திறந்தார்கள். 2011இல் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் வந்தது, இன்று அதன் பெயர் பாரத்நெட். நம் மாநிலத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு அந்த வேலையைத் தமிழ்நாடு அரசின் டான்ஃபினெட் நிறுவனம் செய்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடலுக்கடியில் போட்ட கேபிள். அந்தமானில் நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். செயற்கைக்கோளை நம்பி அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் அங்கிருந்து மற்றத் தீவுகளுக்கும் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய் செலவில், 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. கார் நிக்கோபாரும் கமோர்ட்டாவும் அந்தக் கேபிளில் உண்டு. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு 1,072 கோடியில் இன்னொன்று 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே இருக்கும் சந்தாதாரர்களின் கட்டணத்தை மட்டும் நம்பி எந்த நிறுவனமும் இந்த வேலையில் இறங்கியிருக்காது. நம் பன்னிரண்டரை ரூபாய்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன என்றால் எனக்குச் சந்தோஷமே.

மலைக்கு வருகிறேன். அக்டோபரில் செயற்குழுவிலிருந்து ஐந்து பேர், மேலே இருக்கும் குடியிருப்பு ஒன்றுக்குப் போனோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, பெயரே சிக்னல் பாறை. அதிலும் வடக்கு ஓரத்தில், தும்பைச் செடிக்குப் பக்கத்தில் நின்றால்தான் இரண்டு கோடு வரும். ரேஷன் கடைக்காரர் விரல் ரேகை மிஷினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே ஏறுகிறார். சனங்கள் பின்னாலேயே வருகிறார்கள். நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர், எடுத்த போட்டோவை அனுப்புவதற்கு மாலையில் ஏறுகிறார். நாங்கள் போயிருந்தபோது ஓர் அம்மா வந்து, பேத்திக்கு வந்த ஓ.டி.பி.க்காகப் பாறையில் போனை உயர்த்திப் பிடித்தார். எண் வந்து சேர்ந்தபோது அதற்குரிய நேரம் முடிந்திருந்தது. மறுபடி கேட்டார், மறுபடி காத்திருந்தார். “108க்கு போன் பண்ணணும்னாலும் இங்கதான் சார் வரணும். ராத்திரியில யானை இருந்தா வரமாட்டோம்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவர் எவ்வளவுக்கு ரீசார்ஜ் செய்கிறார் என்று பொருளாளர் கேட்டார். 299. திரும்பும் வழியில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. மலைக்காரர்களுக்காக நாம் கொடுக்கும் பணம் என்றே அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். வராத டவருக்கு அந்த அம்மாவும் அதே 12 ரூபாய் 67 காசைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அடிவார ஊராட்சி அலுவலகம் ஒன்றுக்கும் போனோம். இழை வந்துவிட்டது, பெட்டியும் சுவரில் இருக்கிறது. விளக்கு எரியவில்லை. கேட்டதற்கு, “போட்ட அன்னிக்கு எரிஞ்சுது” என்றார்கள். பெட்டிக்கு மின்சாரம் யார் பொறுப்பு, இழை அறுந்தால் யார் பொறுப்பு என்பதை அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை. கொண்டுபோய்ப் போடுவதற்கு மானியம் கணக்கிடுவது சுலபம், பத்து வருஷம் ஓட வைப்பதற்குத்தான் ஆளில்லை. 2022இல் அறிவித்த 4ஜி திட்டத்தில் இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கிறார்கள். சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாய். அதில் ஐந்து வருஷ நடைமுறைச் செலவும் சேர்த்தி.

நவம்பர் கூட்டத்தில் இதைப் பற்றிக் காரசாரமாகவே பேசினோம். “அடுத்தவன் போனுக்கு நான் ஏன் கொடுக்கணும்?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார், நியாயமான கேள்விதான். மலைப்பள்ளியில் மகள் ஆசிரியராக இருக்கும் நம் அம்மா ஒருவர் எழுந்து, “என் மக போன் எனக்கும்தான் போன். நான் கூப்பிட்டா அங்க அடிக்கணுமில்ல?” என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொகையைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பில்லிலும் ரீசார்ஜ் குறுஞ்செய்தியிலும் அந்தத் தொகையைத் தனியாகக் காட்ட வேண்டும், நம் மாவட்டத்தில் அதில் எவ்வளவு செலவானது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அதை அனுப்பிய அலுவலகத்திலிருந்து நான்கு மாதம் கழித்து ஒரு பதில் வந்தது: தக்க நடவடிக்கைக்காக வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. அந்த வேறோர் அலுவலகம் இன்னும் வாய் திறக்கவில்லை.

இடையில் நிதியின் பெயரும் மாறிவிட்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி இப்போது அது டிஜிட்டல் பாரத் நிதி, 2024இல் விதிகளும் வந்தன. கிராமம், தொலைதூரம் என்பதோடு வசதி குறைந்த நகரப் பகுதி, ஆராய்ச்சி, முன்னோட்டத் திட்டங்கள் எல்லாம் உண்டியலில் பங்கு கேட்கலாம். ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் ஆட்கள் கூடும்போது பாறையில் நிற்பவர் கடைசிக்குத் தள்ளப்படுவார் என்பது என் பயம். இதைச் செயற்குழுவின் கருத்தாகக் குறிக்க வேண்டாம், என் கருத்தாகவே இருக்கட்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மலைப் பயணத்துக்குச் சங்கப் பணம் எடுக்கவில்லை, போனவர்களே பங்கு போட்டுக்கொண்டோம். கூட்டம் நடத்த மாடியை விட்டுக்கொடுத்தவருக்கும், மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுத்த இரண்டு கல்லூரி மாணவிகளுக்கும் நன்றி.

இன்று புதிய செயலாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். தீர்மானத்தின் நகல், அந்தப் பதில் கடிதம், கல்யாணப் பத்திரிகை, பாறையில் எடுத்த ஆறு படங்கள், எல்லாம் பச்சைக் கோப்பில் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. நினைவூட்டல் கடிதம் இரண்டு அனுப்பியாயிற்று, மூன்றாவது ஆகஸ்டு முதல் வாரம் போக வேண்டும். பீரோ சாவி பொருளாளரிடம்.

செயலாளர்