இவ்விடம் க்ஷேமம்

ரங்கூன்
10-1-1942, சனிக்கிழமை

அன்புள்ள அப்பா அவர்களுக்கு, மகன் வணங்கி எழுதுவது.

பன்னிரண்டு வருஷமாக ‘இவ்விடம் க்ஷேமம்’ என்று தொடங்கித்தான் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவையும் அது பொய்யில்லை. நாலு பேரும் கைகால் முழுசாக இருக்கிறோம். ஆனால் எதிர்வரிசை வீடுகளைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையை எழுதப் பேனா கூசுகிறது.

இது தபாலில் வரும் கடிதம் இல்லை. உங்கள் மருமகளின் டிரங்குப் பெட்டியில், புடவை மடிப்புக்குள் வருகிறது. தபாலில் போட்டால் சென்சார்காரர்கள் பாதியை மையால் அடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை கப்பல். பொங்கலன்று நடுக்கடலில் இருப்பார்கள். டெக் டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று அவளிடம் கேட்காதீர்கள். அவளுக்கே சரியான தொகையைச் சொல்லவில்லை.

“கணக்கு எழுதப் போன பயலுக்கு எதற்கடா இரும்புத் தொப்பி?” என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஜெட்டியில் என் வேலை மாறவில்லை. அதே டாலி கிளார்க்தான். முன்பு அரிசி மூட்டைகள் கப்பலில் ஏறுவதை எண்ணினேன். இப்போது அமெரிக்காக்காரன் சீனாவுக்குக் கொடுக்கிற லாரிகளும் டயர்களும் பெட்டி பெட்டியாக இறங்குவதை எண்ணுகிறேன். இங்கிருந்து ரயிலில் லாஷியோ வரை போய், அங்கிருந்து மலைப்பாதையில் சீனாவுக்குள் போகிறது. ஜப்பான்காரன் கண் இந்த ஊர் மேல் விழுந்ததற்கு இந்தப் பெட்டிகள் ஒரு காரணம். அவற்றை எண்ணிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

சாயங்காலம் ஜெட்டி விட்டதும் ஏ.ஆர்.பி. வார்டன், அதாவது விமானக் குண்டுவீச்சிலிருந்து ஜனங்களைக் காக்கிற தொண்டன். பட்டாளம் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். துப்பாக்கி கிடையாது, சம்பளமும் கிடையாது. ஒரு விசில், கைப்பட்டை, மணல் வாளி, இரண்டு பேராகச் சேர்ந்து அடிக்கிற ஒரு கைப்பம்பு. ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் கதவைத் தட்டி அணைக்கச் சொல்ல வேண்டும். போன வாரம் பௌர்ணமி. “எங்கள் விளக்கை அணைக்கச் சொல்கிறாயே, அதை யார் அணைப்பது?” என்று மூன்றாம் மாடிக் கிழவர் வானத்தைக் காட்டிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த ஊரில் ஆழமாகக் குழி வெட்டவும் முடியாது. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். அதனால் பதுங்குகுழிகள் எல்லாம் வாய்க்கால் மாதிரி ஆழமில்லாமல் இருக்கின்றன. அதிலும் கொசு.

இன்னொரு வேலையும் உண்டு. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். என் வட்டத்தில் எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த அறையில் யார் படுக்கிறார்கள், நடக்க முடியாதவர்கள் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வீடு இடிந்து விழுந்தால் எங்கே தோண்டுவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சரி, போன மாதம் 23ஆம் தேதி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இவளுக்கே முழுசாகச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சங்கு ஏறி இறங்கி அலறியது. விசிலை ஊதிக்கொண்டு ஓடினேன். ஜனங்கள் உள்ளே போகவில்லை. வெளியே வந்தார்கள்! மாடியிலும் நடுத்தெருவிலும் நின்று, தேர் பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தார்கள். பினாங்கில் 11ஆம் தேதி இதேபோல வேடிக்கை பார்த்து நின்றவர்கள் செத்த சேதி அதற்குள் எங்களுக்கு எட்டியிருந்தது. இருந்தும் நின்றார்கள். “உள்ளே போ, உள்ளே போ” என்று தமிழிலும் தெலுங்கிலும் தெரிந்த பர்மிய வார்த்தைகளிலும் கத்தினேன். அப்புறம் நானும் நிமிர்ந்து பார்த்தேன். ஜப்பான் விமானங்கள் வெயிலில் வெள்ளியாய் மின்னிக்கொண்டு வரிசை குலையாமல் வந்தன. எண்ணுகிற புத்தி அப்பா. மும்மூன்றாக எண்ண ஆரம்பித்தேன். இருபத்தேழு வரை எண்ணினேன். விசில் என் வாயிலேயே இருந்தது, ஊதவில்லை.

அதற்கப்புறம் எண்ணியது வேறு. இறந்தவர்கள் ஆயிரம் என்கிறார்கள், இரண்டாயிரம் என்கிறார்கள். என் வட்டத்துக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது, இங்கே எழுதப் போவதில்லை. வீட்டுக்குள் தரையோடு படுத்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். நின்று பார்த்தவர்கள்தான் போனார்கள். அதிகம் துறைமுகத்துக் கூலி ஜனம்.

கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வந்தார்கள். அன்று வேடிக்கை பார்க்க ஊரில் கூட்டமில்லை. மூக்கில் சுறாமீன் பல் வரைந்த அமெரிக்க விமானங்கள் மிங்கலடான் விமான தளத்திலிருந்து எழும்பி நன்றாகவே சண்டை போட்டன. பெரியவள் அதைச் சிலேட்டில் வரைந்து வைத்திருக்கிறாள், காட்டச் சொல்லுங்கள்.

ரங்கூனில் பாதிக்கு மேல் நம் நாட்டு ஜனம் என்று நான் பெருமையாக எழுதியது நினைவிருக்கிறதா? அந்தப் பாதி கிளம்பிப் போனதும் ஊர் நின்றுவிட்டது. குப்பை அள்ள ஆளில்லை, மூட்டை தூக்க ஆளில்லை, கடை திறக்க ஆளில்லை. கிடங்கு நிறைய அரிசி, சோறாக்க ஆளில்லை. புரோம் ரோட்டில் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்தார்கள். சர்க்கார் சமாதானம் சொல்லிக் கொஞ்சம் பேரைத் திருப்பிக் கூட்டி வந்திருக்கிறது. நம் ஜனம் பர்மாவுக்குள் வருவதைக் கட்டுப்படுத்தப் போன வருஷம் போட்ட குடியேற்ற ஒப்பந்தம் வேறு எல்லார் மனசிலும் உறுத்துகிறது. இப்போது போனால் திரும்பி வர பர்மிட் கிடைக்குமா என்று கப்பல் ஆபீஸ் வரிசையில் நின்றுகொண்டே பேசிக்கொள்கிறார்கள். குண்டுக்குப் பயந்து நிற்கிற வரிசையில் இந்தக் கவலையும்.

1930 கலவரத்தை நினைத்து நீங்கள் பர்மாக்காரர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. இருட்டில் சில தெருக்கள் வழியாகத் தனியே போக நானும் பயப்படுகிறேன். ஆனால் 23ஆம் தேதி நான் வீட்டுக்கு வர ராத்திரியாகிவிட்டது. அதுவரை இவளையும் பிள்ளைகளையும் தன் கட்டிலுக்கடியில் வைத்திருந்தது பக்கத்து வீட்டுப் பர்மியக் கிழவிதான். சின்னவன் நாப்பி என்கிற மீன் விழுது போட்ட சோற்றை அங்கே ருசி பார்த்துவிட்டான். நம் வீட்டு ரசத்துக்கு முகம் சுளித்தால் அடிக்க வேண்டாம்.

நான் ஏன் கூட வரவில்லை என்று கேட்பீர்கள். ஜெட்டியில் லீவு இல்லை என்பது ஒரு காரணம். எங்கள் போஸ்டில் பன்னிரண்டு வார்டன்கள் இருந்தோம், இப்போது நாலு பேர். நோட்டை யாரிடம் கொடுத்துவிட்டு வருவது? கொடுத்தாலும் மூன்றாம் மாடிக் கிழவர் அறை மாறிப் படுப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நிலைமை பார்த்து வருகிறேன். காளி கோவிலில் இவள் எனக்காக முடிந்துவைத்த ஒரு ரூபாய், பெட்டியின் இடது மூலையில் மஞ்சள் துணியில் இருக்கிறது. செலவழித்துவிட வேண்டாம்.

சாமான் கணக்கு: டிரங்குப் பெட்டி ஒன்று, படுக்கை ஒன்று, பித்தளைக் குடம் ஒன்று, தையல் மிஷின் தலை மட்டும் ஒன்று, கூடை இரண்டு. ஆக ஆறு. ஸ்டேஷனில் எண்ணி இறக்குங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். மதுரை மில் சங்கு நம் வீடு வரை கேட்கும். அது ஊதுவதற்குக் கொஞ்சம் முன்பே பெரியவளை மடியில் உட்காரவைத்து, வேலைக்குப் போகிறவர்களைக் கூப்பிடுகிற சங்கு என்று சொல்லி வையுங்கள். இல்லையென்றால் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். கூப்பிட்டாலும் வரமாட்டாள். ஒரே சீராக ஊதினால்தான் வெளியே வர வேண்டும் என்று நான்தான் பழக்கியிருக்கிறேன்.

தங்கள் மகன்