அவள் எப்போது பேசாமல் இருந்தாள்? கிரேக்கத் தொன்ம நாவல்களின் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் போடும் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற வாசகி நான். 2018-இல் மேடலின் மில்லரின் 'சர்சி' (கிரேக்கத் தொன்மத்தை ஒரு பெண்ணின் பார்வையில் திரும்பச் சொல்லும் நாவல்) வந்த பிறகு என் அலமாரியில் ஒரு தட்டே நிறைந்துவிட்டது. அரியாட்னி, எலெக்ட்ரா, அட்டலாண்டா, கிளைடெம்னெஸ்ட்ரா, ஹீரா என்று தலைப்பெல்லாம் தொன்மப் பெண்களின் ஒற்றைப் பெயர்கள். வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது போலிருக்கிறது. நாவல்கள் மேல் எனக்குப் பெரிய புகார் இல்லை. புகார் நீங்கள் எழுதும் பின்னட்டை மேல்தான். பல்லாயிரம் ஆண்டுகளாக வாய் மூடிக் கிடந்தவள் இப்போதுதான் பேசுகிறாள் என்ற தொனியில்தான் ஏறக்குறைய எல்லாவற்றையும் விற்கிறீர்கள்.

அவள் வாய் மூடிக் கிடக்கவே இல்லை. கி.மு. 431-இல் ஏதென்ஸ் மேடையில், கணவன் கைவிட்ட மெடியா, நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் படைத்தவள், வந்து நிற்கிறாள். கொள்ளைப் பணம் கொடுத்து ஒரு கணவனை வாங்கி, நம் உடம்புக்கே அவனை எஜமானாக்கிக்கொள்கிறோம் என்கிறாள். ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை போர்க்களத்தில் நிற்கலாம் என்கிறாள். கி.மு. 416-இல் ஏதென்ஸ்காரர்கள் மீலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அடுத்த ஆண்டே அதே ஏதென்ஸ்காரர்கள் முன்னால் யூரிப்பிடிஸ் 'டிராய் நகரப் பெண்கள்' நாடகத்தைப் போட்டார். கிரேக்கர்களிடம் போரில் தோற்ற ஊரின் பெண்கள் யார் யாருக்குப் பங்காகப் போகிறார்கள் என்பதுதான் கதை. நாடகப் போட்டியில் இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. கிடைத்ததே பெரிது.

சரி, எழுதியவர் ஆண். மெடியாவாக முகமூடி போட்டு நடித்தவரும் ஆண். இந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. பேட் பார்க்கரின் நாவலில் வரும் பிரிசெயிஸ், டிராய் போரில் கிரேக்க வீரன் அக்கிலீஸிடம் அடிமையானவள், துணி துவைக்கும் இடத்திலிருந்தும் காயம்பட்டவர்களின் கூடாரத்திலிருந்தும் போரைப் பார்க்கிறாள். அப்படி ஒரு பார்வை கிடைக்க இவ்வளவு காலம் ஆனது உண்மைதான். ஆனால் பெண்ணே எழுதியதும் இருக்கிறதே. சுமார் 2600 ஆண்டுகளுக்கு முன்னால், லெஸ்போஸ் தீவில் கவிஞர் சாஃபோ ஒரு கவிதையில், டிராய் போருக்குக் காரணம் என்று திட்டப்படும் ஹெலனைப் பற்றிச் சொல்கிறாள்: எதன்மேல் ஆசை வைக்கிறோமோ அதுதான் உலகிலேயே அழகு, ஹெலன் அதற்காகக் கணவனையும் பிள்ளையையும் விட்டுக் கப்பலேறினாள். திட்டவும் இல்லை, கண்ணீர் விடவும் இல்லை. பழங்கதையைப் புதிதாகத் திரும்பச் சொல்வதை நீங்கள் தொடங்கிவைக்கவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னால் உங்கள் எழுத்தாளர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நீண்ட வரிசையில் நிற்பது கௌரவம்தானே.

இன்னொரு சிறு விஷயம். பாம்புத் தலைமுடி கொண்ட மெடூசா பலாத்காரத்துக்கு ஆளாகி, அதற்காகவே தண்டிக்கப்பட்டாள் என்ற கதையை இன்று எல்லோரும் மூலக்கதையாக நம்புகிறார்கள். அது ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன வடிவம். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய கிரேக்கக் கவிஞர் ஹெசியடில் அவள் பிறப்பிலேயே கோர்கன் என்ற அரக்கி. கடல் தெய்வம் பொசைடன் அவளோடு கூடுவது வசந்தகாலப் புல்வெளியில். நாவலாசிரியர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தோம், எதை மாற்றினோம் என்று கடைசியில் இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சிலர் எழுதுகிறார்கள், எல்லோரும் எழுதட்டும்.

அப்புறம், என்னை உண்மையில் உறுத்துவது இது. நீங்கள் குரல் கொடுப்பதெல்லாம் ராணிகளுக்கும் இளவரசிகளுக்கும் தேவதைகளுக்கும்தான். கிளைடெம்னெஸ்ட்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் இஃபிஜீனியாவை, டிராய் போருக்குக் கப்பல் கிளம்பக் காற்று வேண்டும் என்று பலி கொடுத்த கணவன் அகமெம்னானை அவள் கொல்கிறாள். யாருக்குத்தான் அவள் மேல் பரிவு வராது? ஆனால் ஈஸ்கிலஸின் நாடகத்தில் அவள் கொல்வது இரண்டு பேரை. டிராயிலிருந்து அவன் அடிமையாகப் பிடித்து வந்த கசாண்ட்ராவும் அதே வீட்டுக்குள் வெட்டுப்பட்டுக் கிடக்கிறாள். அந்தப் பிணத்தைக் காட்டி, அன்னம் மாதிரி கடைசிப் பாட்டைப் பாடிவிட்டுப் போனாள், இவள் சாவு என் விருந்துக்கு இன்னும் ருசி சேர்க்கிறது என்கிறாள் கிளைடெம்னெஸ்ட்ரா. ஈஸ்கிலஸ் அதை மறைக்கவில்லை. அந்த இரண்டு பெண்களையும் ஒரே வாசலில் நிறுத்துகிறார். ராணியைக் கதாநாயகியாக்கியதும் அடிமைப்பெண்ணின் கொலை எழுதுபவருக்குச் சங்கடமாகிவிடுகிறது. அதற்குச் சமாதானம் தேடாதீர்கள். கதையே அந்தச் சங்கடத்தில்தான் இருக்கிறது.

ஹோமரின் ஒடிசி காவியத்திலும் அப்படித்தான். ஒடிசியஸின் மனைவி பெனிலோப்பியின் வீட்டில் பன்னிரண்டு பணிப்பெண்களைத் தூக்கில் போடுகிறான் மகன் டெலிமேக்கஸ். அதற்கு முன், பெனிலோப்பியை மணக்க வந்து ஒடிசியஸ் தரப்பின் கையால் செத்துக் கிடக்கும் ஆண்களின் உடல்களைத் தூக்கி வெளியே போடவும், ரத்தம் படிந்த மேசை நாற்காலிகளைக் கழுவவும் அவர்களையே வேலை வாங்குகிறார்கள். மார்கரெட் அட்வுட் 2005-இல் 'பெனிலோப்பியட்' நாவலில் அந்தப் பன்னிருவரையும் கூட்டாகப் பேச வைத்தார். அந்த வழியில் போனவர்கள் குறைவு. அதற்குப் பிறகும் அட்டையில் பெரும்பாலும் மகுடம் வைத்த தலைகள்தான்.

டிராய் போரைப் பாடும் இலியட்டில் ஓர் இடம் உண்டு. போரில் இறந்த வீரன் பட்ரோக்ளஸின் உடல் மேல் விழுந்து பிரிசெயிஸ் ஒப்பாரி வைக்கிறாள். தன் கண் முன்னே செத்த கணவனையும் மூன்று சகோதரர்களையும் சொல்லி அழுகிறாள். பேர் தெரியாத மற்ற அடிமைப்பெண்களும் கூடவே அழுகிறார்கள். பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து ஒவ்வொருத்தியும் தன் தன் துக்கத்தை அழுதாள் என்கிறது காவியம். அந்தத் துக்கங்கள் என்னென்ன என்று மட்டும் சொல்லவில்லை. உங்கள் எழுத்தாளர்களுக்கு வேலை அங்கே கிடக்கிறது.

வணிகமும் பார்க்க வேண்டும் என்பீர்கள், தெரியும். தெரிந்த பெயர் இருந்தால்தான் புத்தகம் போகும். அப்படியானால் தெரிந்த வீட்டிலிருந்தே ஒருத்தியைச் சொல்கிறேன்: யூரிக்ளியா. ஒடிசியஸின் அப்பா லேர்டீஸ், இருபது மாடுகளின் விலை கொடுத்து அவளைச் சின்ன வயதில் வாங்கினார். ஒடிசியஸை வளர்த்தவள், காலைக் கழுவும்போது தழும்பைப் பார்த்து அவனை அடையாளம் கண்டவள். அவன் கேட்டதும், ஐம்பது பணிப்பெண்களில் இந்தப் பன்னிருவர் துரோகம் செய்தார்கள் என்று சொல்லி அவர்களைத் தூக்குக்கு அனுப்பியவளும் இதே யூரிக்ளியாதான். விலைக்கு வாங்கப்பட்டவள், விலைக்கு வாங்கப்பட்டவர்களைக் காட்டிக்கொடுக்கிறாள். இவளை நடுவில் வைத்து ஒரு நாவல் எழுதச் சொல்லுங்கள், முன்பணத்தோடு. இவளை நல்லவளாக்க வேண்டாம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி