மீந்த மாத்திரைகளையும் எண்ணுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களுக்கு இது பெரிய காரியம்தான். ஆனால் கொடுத்த மாத்திரையெல்லாம் வயிற்றுக்குள் போவதில்லை. மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர் அடுத்த முறை போகும்போது பழைய மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி, மீந்ததை எண்ணட்டும். திட்டுவதற்காக அல்ல, காரணம் தெரிந்துகொள்வதற்காக.

பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். இரண்டையும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். பிரஷர் ஏறும், மருத்துவர் அளவைக் கூட்டி எழுதுவார். வேறு மருந்துக்கு மாற்றினால் தீர்கிற சங்கதி இது.

சுகர் மாத்திரையில் ஆபத்து வேறு மாதிரி. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகையைப் போட்டுக்கொண்டு, வெறும் நீராகாரத்தோடு நூறு நாள் வேலைக்குப் போனால், ரத்தச் சர்க்கரை இறங்கி முற்பகலில் வியர்வை, நடுக்கம், படபடப்பு. வெயில் என்று நினைத்து நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்; கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை; தெளிந்ததும் சாப்பாடு. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. "காலையில் என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்காமல் இந்த மாத்திரையை எழுதவே கூடாது என்பது எங்கள் கருத்து.

பிரஷர் பார்ப்பதிலும் அவசரம் வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். ஜாக்கெட் கை மேல் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றினால் அளவு தப்பும். வயதானவர்களை எழுந்து நிற்கச் சொல்லி ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் பாருங்கள். உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 குறைந்தால், விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு முன்பே மருந்தை மறுபரிசீலனை செய்யலாம்.

சுகர் உள்ளவர்களின் கால் விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மரத்துப்போன பாதத்துக்கு மருந்தைவிட எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு முதலில் வேண்டும். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறைவாலும் மரப்பு வரலாம்.

மருந்தை மாற்றுவது தன்னார்வலர் வேலை இல்லை. மீந்த எண்ணிக்கை, காரணம் ஒரு வரி, இரண்டும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் போய், அடுத்த மாத்திரை கொடுப்பதற்குள் அவர் பதில் வர வேண்டும். இதற்கு ஆகும் நேரத்துக்குத் தன்னார்வலரின் ஊக்கத்தொகையையும் கூட்டுங்கள், சும்மா சுமத்தாதீர்கள்.

இப்படிக்கு,
தொற்றா நோய்ப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்